பரிசுக்கு விஸ்கி: பெட்டியை விட்டு லேபிளைப் படிப்பது

பரிசாகத் தரப்படும் விஸ்கியை வாங்குபவர் ஒருவர், குடிப்பவர் வேறொருவர். கடையில் மூடியைத் திறந்து ருசி பார்க்கவும் வழியில்லை. வாங்குபவர் கண்முன் இருப்பவை பெட்டி, விலை, லேபிள் ஆகிய மூன்றுதான். பெட்டி எவ்வளவு கனமாக இருந்தாலும் உள்ளே இருக்கும் சரக்கைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை. விலை ஓரளவே சொல்லும். நம்பத்தக்க சாட்சி லேபிள் மட்டுமே. ஸ்காட்ச் விஸ்கியைப் பொறுத்தவரை அதில் எதை எழுதலாம், எதை எழுதக்கூடாது என்பதைச் சட்டமே வரையறுத்திருக்கிறது. பரிசுக்கு அடிக்கடி வாங்கப்படும் ஸ்காட்ச் பாட்டில்கள் சிலவும் அவற்றோடு நிறுத்தத்தக்க பெங்களூரு மால்ட் ஒன்றும் இங்கே லேபிளிலிருந்து கோப்பை வரை மதிப்பிடப்படுகின்றன.

முதலில் சட்டம். 2009-ல் பிரிட்டனில் வந்த ஸ்காட்ச் விஸ்கி ஒழுங்குமுறைகளின்படி, ஸ்காட்லாந்தில் வடித்து, 700 லிட்டருக்கு மேற்படாத ஓக் பீப்பாயில், அந்த நாட்டிலேயே குறைந்தது 3 ஆண்டுகள் வைத்திருந்து, 40 சதவீதத்துக்குக் குறையாத ஆல்கஹாலோடு பாட்டிலில் அடைத்தால்தான் அது ஸ்காட்ச். தண்ணீரையும் நிறத்துக்கான சாதாரண கேரமலையும் தவிர வேறு எதையும் அதில் சேர்க்க முடியாது. ஒரே டிஸ்டில்லரியில், முளைகட்டிய பார்லியை மட்டும் கொண்டு, பாட் ஸ்டில் எனப்படும் செப்புக் கொப்பரையில் வடித்தது சிங்கிள் மால்ட். 'சிங்கிள்' என்பது ஒரே பீப்பாய் என்று பலர் நினைக்கிறார்கள். அது டிஸ்டில்லரியைத்தான் குறிக்கிறது. ஒரு பாட்டில் சிங்கிள் மால்ட்டுக்குள் நூற்றுக்கணக்கான பீப்பாய்களின் சரக்கு கலந்திருக்கலாம். பல டிஸ்டில்லரிகளின் மால்ட்டைச் சேர்த்தால் பிளெண்டட் மால்ட். கோதுமை, மக்காச்சோளம் போன்ற தானியங்களிலிருந்து வடிக்கும் கிரெய்ன் விஸ்கியும் மால்ட்டோடு சேர்ந்தால் பிளெண்டட் ஸ்காட்ச். ஜானி வாக்கர் பிளாக் லேபிளும் சிவாஸ் ரீகலும் இந்தக் கடைசி வகை.

சிங்கிள் மால்ட் ஸ்காட்சை 2012 நவம்பரிலிருந்து ஸ்காட்லாந்திலேயே பாட்டிலில் அடைத்தாக வேண்டும். பிளெண்டட் ஸ்காட்சுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. மொத்தமாகக் கப்பலில் வந்து இந்தியாவில் தண்ணீர் சேர்த்து அடைக்கப்படும் ஸ்காட்ச் நிறைய உண்டு. அவற்றின் லேபிளில் 42.8 சதவீதம் என்ற எண்ணைப் பார்க்கலாம். உள்ளூர் விஸ்கி பாட்டில்களில் வழக்கமாக இருக்கும் அதே எண் இது. சரக்கு ஸ்காட்ச்தான், குறை ஒன்றுமில்லை. ஆனால் பரிசு என்று வரும்போது, வாங்குபவர் பின்பக்க லேபிளின் பொடி எழுத்தைப் படித்து, எங்கே அடைக்கப்பட்டது என்று தெரிந்துகொண்டு வாங்குவது நல்லது. விவரம் தெரிந்தவர் கையில் வாங்கியதும் முதலில் பார்ப்பது அந்த வரியைத்தான்.

லேபிளில் பெரிதாக அச்சிடப்படுவது வயது. 12 என்று போட்டிருந்தால், கலந்த பீப்பாய்களில் மிக இளையதின் வயது 12 என்று பொருள். மற்றவை அதைவிட மூத்தவையாக இருக்கலாம். பாட்டிலுக்குள் போனபின் விஸ்கிக்கு வயது ஏறுவதில்லை. 2005-ல் வாங்கி அலமாரியில் வைத்த 12 ஆண்டு விஸ்கி இன்றும் 12 ஆண்டு விஸ்கிதான். வயது கூடினால் தரமும் கூடும் என்ற எண்ணம் பரிசு வாங்குவோரிடம் ஆழமாக ஊன்றியிருக்கிறது. அது முழு உண்மையல்ல. ஸ்காட்ச்சின் மணத்திலும் சுவையிலும் பெரும்பங்கு பீப்பாயினுடையது. ஏற்கெனவே பலமுறை பயன்பட்டுச் சாரம் வற்றிய பீப்பாயில் 18 ஆண்டுகள் கிடந்ததைவிட, முதன்முறையாக நிரப்பிய நல்ல ஷெர்ரி பீப்பாயில் 10 ஆண்டுகள் ஊறியது சிறந்து நிற்பதுண்டு. பீட் எனும் மட்கிய செடிகொடிகளின் புகை மணமுள்ள விஸ்கிகளில் வயது கூடக் கூட அந்தப் புகையே தணிந்துவிடும். புகையை விரும்புபவருக்கு 10 ஆண்டு பாட்டில்தான் பொருத்தம். ஆக, 18-க்கு ஆகும் பணத்தில் வேறு வேறு குணமுள்ள இரண்டு 12-களைக் கொடுப்பது பெரும்பாலும் மேலான பரிசு.

வயதைவிட அதிகம் சொல்லும் எண் ஒன்று லேபிளின் ஓரத்தில் சிறிதாக இருக்கிறது: ஆல்கஹால் சதவீதம். 40, 43, 46 என்று அது மாறும். 40 சட்டம் அனுமதிக்கும் மிகக் குறைந்த அளவு. தண்ணீர் அதிகம் சேரச் சேர ஒரு பீப்பாயிலிருந்து கிடைக்கும் பாட்டில்களின் எண்ணிக்கை கூடும் என்பதால் பெரும்பாலான நிறுவனங்கள் அங்கேயே நிற்கின்றன. 46-க்கு வேறொரு காரணம் உண்டு. பார்லியிலிருந்தும் பீப்பாயிலிருந்தும் வரும் கொழுப்பு அமில எஸ்டர்கள் விஸ்கியில் கரைந்திருக்கின்றன. ஆல்கஹால் 46 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால், குளிர்ந்த நிலையில் அவை பிரிந்து விஸ்கியைக் கலங்கலாக்கும். அந்தக் கலங்கலைத் தவிர்க்க, அடைப்பதற்கு முன் சரக்கைப் பூஜ்யம் டிகிரியை ஒட்டிக் குளிரவைத்து வடிகட்டிவிடுகிறார்கள். இதுவே சில் ஃபில்ட்ரேஷன். வாயில் பட்டதும் தோன்றும் எண்ணெய்ப் பதத்தின் ஒரு பகுதியும் அந்த வடிகட்டியோடு போய்விடுகிறது. 46 சதவீதத்திலோ அதற்கு மேலோ அடைப்பவர்கள் இந்த வேலையை விட்டுவிடலாம். விட்டவர்கள் அதை லேபிளில் பெருமையாகவே போட்டுக்கொள்கிறார்கள்.

இதை வீட்டிலேயே பார்க்கலாம். ஒரு கோப்பையில் 46.3 சதவீத பன்னாஹாபென் 12, இன்னொன்றில் 40 சதவீத க்ளென்ஃபிடிக் 12, இரண்டிலும் 30 மில்லி ஊற்றி, ஒவ்வொன்றிலும் இரண்டு ஐஸ் கட்டி போட்டு வைத்தால், சில நிமிடங்களில் முதல் கோப்பை மங்கலாகும். இரண்டாவது துளியும் மங்காது. மங்கலானதுதான் வடிகட்டப்படாத சரக்கு. ஆனால் பரிசு பெறுபவருக்கு இது தெரியாவிட்டால், போலிச் சரக்கு வந்துவிட்டது என்றே நினைப்பார். 46 சதவீத பாட்டிலைக் கொடுக்கும்போது இந்த ஒரு விஷயத்தையும் சொல்லிக் கொடுப்பது அவசியம்.

நிறத்தை வைத்து முடிவெடுக்கக்கூடாது. கேரமல் சேர்ப்பது ஸ்காட்லாந்தில் சட்டப்படி சரி, அதை லேபிளில் சொல்ல வேண்டிய கட்டாயமும் பெரும்பாலான நாடுகளில் இல்லை. ஜெர்மனியில் விற்கும் பாட்டில்களில் நிறமூட்டி சேர்த்திருந்தால் 'மிட் ஃபார்ப்ஷ்டோஃப்' என்று அச்சிட்டிருப்பார்கள். ஃபிராங்க்ஃபர்ட் வழியாக வருபவர்களுக்கு இது நல்ல அளவுகோல்.

இனி பெறுபவர். அவர் குடிப்பவர்தானா, இப்போதும் குடிக்கிறாரா என்பது முதல் கேள்வி. மருத்துவக் காரணத்துக்காகவோ மனஉறுதியாலோ விட்டவருக்கு விஸ்கி பாட்டிலைப்போல் சங்கடமான பரிசு வேறில்லை. குடிப்பவர் என்றால், எதை, எப்படிக் குடிக்கிறார் என்று பார்க்க வேண்டும். சோடா ஊற்றிக் குடிப்பவரா, தண்ணீரா, ஐஸா, ராவாகவா? இந்தியாவில் விற்கும் மலிவு விஸ்கிகளில் பெரும்பாலானவை கரும்புக் கழிவுப்பாகிலிருந்து எடுத்த ஸ்பிரிட்டை அடிப்படையாகக் கொண்டவை. ஐரோப்பிய ஒன்றியத்தின் விதிப்படி தானியத்திலிருந்து வடித்ததுதான் விஸ்கி என்பதால், இவற்றை அந்தப் பெயரில் அங்கே விற்க முடியாது. அந்த மென்மையான, இனிப்புக் கலந்த ருசிக்குப் பழகிய ஒருவருக்கு முதல் சிங்கிள் மால்ட்டாகப் புகை நாறும் ஐலா தீவு விஸ்கியைக் கொடுத்தால், ஒரு வாயோடு பாட்டில் மூடப்படும்.

அப்படிப்பட்டவருக்கு ஏற்ற வாசல் க்ளென்ஃபிடிக் 12. டஃப்டவுனில் வில்லியம் கிராண்ட் கட்டிய இந்த டிஸ்டில்லரியில் 1887 கிறிஸ்துமஸ் அன்று முதல் சரக்கு வடிந்தது. சிங்கிள் மால்ட்டை வெளிநாடுகளில் ஒரு தனி வகையாக முனைந்து விற்கத் தொடங்கியதும் 1963-ல் இந்த நிறுவனம்தான். முக்கோணப் பச்சை பாட்டில் கைக்கு நன்றாக அடங்குகிறது. மூக்கில் பேரிக்காய், பச்சை ஆப்பிள்; நாக்கில் லேசான இனிப்பு, பிறகு சீக்கிரமே மறையும் ஓக். உடம்பு மெலிந்த விஸ்கி. சோடாவில் கரைந்து காணாமல் போய்விடும் என்பதே இதன் பெரிய குறை. தண்ணீர் கொஞ்சமாகச் சேர்த்துக் குடிப்பவருக்கு ஒத்துவரும்.

அதே வளாகத்தின் பக்கத்திலேயே, அதே குடும்ப நிறுவனம் நடத்தும் பால்வெனியின் டபுள்வுட் 12 இதைவிட ஒரு படி மேல். அமெரிக்க ஓக் பீப்பாயில் ஊறிய சரக்கை, கடைசிச் சில மாதங்கள் ஷெர்ரி வைத்திருந்த ஐரோப்பிய ஓக் பீப்பாய்க்கு மாற்றுகிறார்கள். மால்ட் மாஸ்டர் டேவிட் ஸ்டுவர்ட் 1980-களில் சோதித்த முறை இது. 1993-ல் டபுள்வுட் என்ற பெயரில் கடைக்கு வந்தது. தேன், வெனிலா, அதன்மேல் உலர்திராட்சையும் மெல்லிய பட்டை வாசனையும். பிரிட்டனில் இதுவும் 40 சதவீதம்தான். 46 ஆக இருந்தால் இன்னும் எவ்வளவு நன்றாக இருக்கும் என்ற ஏக்கம் ஒவ்வொரு வாய்க்கும் எழுகிறது. ஆனாலும் பெறுபவரின் ருசி சரியாகத் தெரியாத நிலையில் துணிந்து வாங்கக்கூடிய பாட்டில் இதுவே. இனிப்பை விரும்புபவர், புதியவர், மூத்தவர் யாரும் இதை வேண்டாம் என்று ஒதுக்குவது அபூர்வம்.

சோடா ஊற்றிக் குடிப்பவருக்கு சிங்கிள் மால்ட்டில் பணத்தைப் போட வேண்டியதே இல்லை. ஜானி வாக்கர் பிளாக் லேபிள் அந்த வேலைக்கென்றே செய்ததுபோல் நிற்கிறது: குறைந்தது 12 ஆண்டு வயது, சோடாவையும் தாண்டி வெளியே வரும் மெல்லிய புகை. அலுவலக வட்டாரத்தில் மரியாதைக்காக வாங்கப்படும் ப்ளூ லேபிளில் வயது குறிப்பிடப்படுவதில்லை, ஆல்கஹால் 40 சதவீதம். மிக மிருதுவான விஸ்கிதான், ஆனால் விலையின் பெரும்பகுதி பெயருக்கும் பெட்டிக்கும் போகிறது. பெறுபவர் பெயரைப் பார்த்து மகிழ்பவர் என்றால் அது சரியான பரிசு. ருசியைப் பார்ப்பவர் என்றால், அதே வரிசையில் பலர் கவனிக்காமல் கடந்துபோகும் கிரீன் லேபிள் எவ்வளவோ மேல். 15 ஆண்டு, 43 சதவீதம், கிரெய்ன் விஸ்கி சேராத பிளெண்டட் மால்ட். டாலிஸ்கர், கவோல் இலா, லிங்க்வுட், க்ராகன்மோர் ஆகியவை இதன் தூண்கள். விலையோ ப்ளூவின் அருகில்கூட வராது.

புகையை விரும்புபவர் தனி ரகம். சதுப்பு நிலத்தில் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக மட்கிக் கிடந்த செடிகொடிகளை வெட்டியெடுத்துக் காயவைத்ததுதான் பீட். முளைத்த பார்லியை அதன் புகையில் உலர்த்தும்போது ஃபீனால் சேர்மங்கள் தானியத்தில் ஏறிக்கொள்கின்றன. ஸ்கை தீவில் 1830-ல் தொடங்கிய டாலிஸ்கரின் 10 ஆண்டு பாட்டில் 45.8 சதவீதம். புகை மிதம், கொஞ்சம் உப்பு. விழுங்கியபின் தொண்டையில் நிற்பது அச்சு அசல் மிளகுக் காரம். மிளகு ரசத்தில் வளர்ந்த நாக்குக்கு இது உடனே பிடித்துப்போகிறது. ஐலா தீவின் ஆர்ட்பெக் 10 முழு வீச்சு. 46 சதவீதம், குளிர்வடிகட்டல் இல்லை. மூடியைத் திறந்ததும் அறை முழுக்கத் தார், கரி, டிங்சர் வாடை. நாக்கிலோ எலுமிச்சையும் எதிர்பாராத இனிப்பும். இந்த இரண்டு முகங்களும் ஒரே கோப்பையில் கூடுவதால்தான் ஆர்ட்பெக்கை விரும்புபவர்கள் வேறெதிலும் திருப்தியடைவதில்லை. விரும்பாதவர்கள் முகர்ந்ததுமே கோப்பையை விலக்கிவிடுவார்கள். பெறுபவர் புகை விஸ்கியைக் கேட்டு வாங்கிக் குடிப்பவர் என்று உறுதியாகத் தெரிந்தால் மட்டுமே வாங்க வேண்டியது.

இந்த வரிசையில் பணத்துக்கு அதிகம் திருப்பித் தருவது பன்னாஹாபென் 12 என்பதில் ஐயமில்லை. ஐலா என்றாலே புகை என்ற பெயர் இருந்தாலும், 1881-ல் கட்டிய இந்த டிஸ்டில்லரியின் 12 ஆண்டு விஸ்கி பீட் புகை ஏற்றாத பார்லியில் செய்தது. 46.3 சதவீதம், வடிகட்டவில்லை, நிறம் சேர்க்கவில்லை. கரும் பாட்டில் உள்ளிருப்பதை மறைத்துவிடுவதால் கடை அலமாரியில் கண்ணைக் கவராது. ஊற்றிப் பார்த்தால்தான் தெரியும். கோப்பையைச் சாய்த்துச் சுழற்றினால் ஓரத்தில் தடித்த கோடுகளாக மெல்ல இறங்குகிறது. ஐந்து நிமிடம் விட்டு முகர்ந்தால் முதலில் வறுத்த கொட்டைகள், பிறகு உலர்திராட்சை, கடைசியில் கடற்கரைக் காற்றின் உப்பு. ராவாகக் குடித்தால் சற்று இறுக்கமாக இருக்கும். ஒரு தேக்கரண்டித் தண்ணீர் விட்டதும் அது தளர்ந்து, இனிப்பு முன்னே வருகிறது. தண்ணீர் செய்யும் இந்த வேலைக்கு விளக்கமும் உண்டு. ஸ்வீடனின் லின்னேயஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017-ல் வெளியிட்ட கணினி மாதிரி ஆய்வில், ஆல்கஹால் 45 சதவீதமோ அதற்குக் கீழோ இருக்கும்போது குவையகோல் என்ற மணப்பொருள் திரவத்தின் மேற்பரப்பில் கூடுகிறது, 59 சதவீதத்துக்கு மேல் போனால் உள்ளேயே முடங்கிவிடுகிறது என்று கண்டார்கள். விஸ்கியில் தண்ணீர் சேர்ப்பது கெளரவக் குறைவு என்று சொல்பவர்களுக்கு இது போதுமான பதில்.

பெங்களூரின் அம்ருத் ஃப்யூஷன் ஸ்காட்ச் அல்ல. ஆனால் பரிசுப் பட்டியலில் அதற்கு இடம் தந்தே ஆக வேண்டும். அம்ருத் நிறுவனம் தன் சிங்கிள் மால்ட்டை 2004-ல் முதன்முதலில் அறிமுகப்படுத்தியது கிளாஸ்கோவில். இந்திய பார்லியும் பீட் புகை ஏற்றிய ஸ்காட்லாந்து பார்லியும் சேர்ந்த ஃப்யூஷன் 2009-ல் வந்தது. விமர்சகர் ஜிம் மரே தன் 2010-ஆம் ஆண்டு விஸ்கி பைபிளில் அதை உலகின் மூன்றாவது சிறந்த விஸ்கி என்று வைத்தார். ஸ்காட்லாந்தில் பீப்பாயிலிருந்து ஆண்டுக்குச் சுமார் 2 சதவீதம் ஆவியாகிறது என்றால், பெங்களூரில் அது 10 சதவீதத்தைத் தாண்டுகிறது. வெப்பத்தில் ஓக்கின் சாரமும் வேகமாக இறங்குவதால், சில ஆண்டுகளிலேயே சரக்கு முதிர்ந்துவிடுகிறது. 12, 18 என்ற எண்களை இதில் தேடுவதில் பொருளில்லை. 50 சதவீதம், அதனால் தண்ணீர் கட்டாயம். வெனிலா, ஆரஞ்சுத் தோல், சாக்லேட், அடியில் புகை. வெளிநாட்டில் இருப்பவருக்கோ, எல்லா ஸ்காட்ச்சும் பார்த்துச் சலித்தவருக்கோ இதுபோல் ஒரு பரிசு அமையாது.

வாங்கும் இடத்தில் கவனிக்க வேண்டியவை சில. மூடியின் சீல் உடையாமல் இருக்க வேண்டும். சரக்கு பாட்டிலின் கழுத்துப் பகுதிவரை நின்றிருக்க வேண்டும். லேபிளின் அச்சு தெளிவாக, ஒட்டு நேராக இருக்க வேண்டும். லாட் எண் சுரண்டப்பட்டிருந்தால் வாங்கக்கூடாது. இந்தியச் சந்தைக்கு வரும் பிளெண்டட் ஸ்காட்ச் பாட்டில்கள் பலவற்றின் வாயில், கோலி குண்டு வைத்த பிளாஸ்டிக் அடைப்பு ஒன்று பொருத்தப்பட்டிருக்கும். காலி பாட்டிலில் மட்டச் சரக்கை நிரப்பி விற்பதைத் தடுக்க வந்த ஏற்பாடு. ஊற்றும்போது சரக்கு விட்டு விட்டு வருவது அதனால்தான்; பாட்டிலின் பழுது அல்ல.

விமான நிலையத்து டூட்டி ஃப்ரீ கடைகளில் 1 லிட்டர் பாட்டில் மலிவாகத் தோன்றும். அங்கே மட்டும் விற்பதற்கென்று தயாராகும் பதிப்புகளில் வயது குறிப்பிடாதவை, 40 சதவீதத்தில் அடைத்தவை ஏராளம். பெயர் ஒன்றாக இருப்பதை வைத்து அவற்றை வெளிக்கடையின் 12 ஆண்டு பாட்டிலுக்கு இணை என்று எடுத்துக்கொள்ளக்கூடாது. இந்தியாவுக்கு வரும் பயணி ஒருவர் தீர்வையின்றி 2 லிட்டர்வரை மது கொண்டுவரலாம். 70 சதவீதத்துக்கு மேல் ஆல்கஹால் உள்ளதை விமானத்தில் எந்தப் பெட்டியிலும் வைக்க முடியாது. இடையில் விமானம் மாறுபவர்கள் கடைக்காரர் சீல் வைத்துத் தரும் பையைக் கடைசி நிலையம்வரை பிரிக்காமல் இருக்க வேண்டும். குஜராத், பிகார் மாநிலங்களில் மதுவிலக்கு நடைமுறையில் இருப்பதால் அங்கே இருப்பவருக்கு இந்தப் பரிசு எடுத்துச் செல்லத்தக்கதல்ல. தமிழ்நாட்டில் 21 வயது நிரம்பாதவருக்கு மது விற்பனை இல்லை. பரிசுக்கும் அதே வயதைக் கணக்கில் கொள்வதே முறை.

பாட்டிலோடு சேர்த்துக் கொடுக்க ஒரு பொருள் வேண்டுமென்றால் க்ளென்கேர்ன் கோப்பை. ரேமண்ட் டேவிட்சன் வடிவமைத்து 2001-ல் சந்தைக்கு வந்தது. அடி அகன்று வாய் குறுகியிருப்பதால் மணம் கலைந்து போகாமல் மூக்குக்கு வருகிறது. தடித்த அடிப்பாகம் இருப்பதால் கையிலிருந்து நழுவுவதும் குறைவு. ஐஸ் போட்டுக் குடிப்பவருக்கு இதன் வாய் போதாது. அவருக்கு அகன்ற டம்ளரே வசதி.

வாங்கிய பாட்டிலைக் கொடுக்கும் நாள்வரை நிமிர்த்தியே வைக்க வேண்டும். ஒயினைப்போல் படுக்க வைத்தால், 40 சதவீதத்துக்கு மேற்பட்ட ஆல்கஹால் தக்கையை அரித்து, திறக்கும்போது அது பாதியில் முறிந்துவிடும். வெயில் படும் இடமும் ஆகாது. திறக்காத பாட்டில் பல்லாண்டு கெடாமல் இருக்கும். திறந்தபின் பாதிக்குக் கீழே போய்விட்டால், உள்ளே சேர்ந்த காற்றால் மணம் படிப்படியாக மங்கும்; அந்தப் பாதியைச் சில மாதங்களுக்குள் முடித்துவிடலாம், அல்லது சின்ன பாட்டிலுக்கு மாற்றி வைக்கலாம்.